நெருப்பில்லாமல் புகையும்!

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த முன்னோர்களை இன்று ஒரு பேரங்காடிக்கு அழைத்துச் சென்று நொறுக்குத்தீனி அடுக்கின் முன்னால் நிறுத்தினால், பழமொழியைச் சற்றே திருத்திக் கொள்வார்கள். தணலை ஒருமுறைகூடப் பார்த்திராத பண்டங்கள் அங்கே புகை மணத்தோடு வரிசை வரிசையாக நிற்கின்றன. சிவப்புப் பொட்டலம், கறுப்புப் பொட்டலம், நீண்ட குழல் டப்பா என்று உருவம் எதுவானாலும், மேலே எழுதியிருக்கும் சொல் ஒன்றுதான்: பார்பிக்யூ.

உண்டு முடித்து விரலைச் சப்பும் வரை இந்தச் சொல்லைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எங்களுக்கு அந்தக் கவலை வந்தது ஒரு பெயர்ப்பலகையால்.

வளாக உணவு விழாவில் எங்கள் தமிழ்மொழிக் கழகம் ஒரு கடை போடுவதென்று முடிவாயிற்று. முறுக்கும் மரவள்ளிக் கிழங்குச் சீவலும் விற்பனைக்கு. விலைப்பட்டியல் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும் என்பது கழகத்தின் எழுதப்படாத சட்டம். ‘உப்புச் சீவல்’ எழுதியாயிற்று. ‘காரச் சீவல்’ எழுதியாயிற்று. மூன்றாவது பார்பிக்யூ. தூரிகையை வைத்திருந்த கிள்ளான் தங்கை, “அக்கா, இதுக்கு என்ன எழுதறது?” என்று கேட்டாள். அங்கே தொடங்கியது வழக்கு.

பினாங்கைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒருவர், “வாட்டிறைச்சிச் சுவைன்னு எழுதும்மா. அதுதானே அர்த்தம்” என்றார். ஈப்போவிலிருந்து வந்த என் தோழி பிறந்ததிலிருந்தே சைவம். அவள் உடனே எழுந்துவிட்டாள். “இறைச்சியே இல்லாத சீவலுக்கு இறைச்சிப் பேரா? அந்தப் பலகைக்குக் கீழே நின்னு நான் எப்படிண்ணே விக்கிறது? கோயில்ல பார்க்கிறவங்க எல்லாம் வருவாங்க.” அண்ணன் விளையாட்டாகத்தான் பதில் சொன்னார்: “சைவம் சாப்பிடற உனக்கு பார்பிக்யூ ருசி எப்படித் தெரியும்? சாப்பிட்டவங்க சொன்னா கேட்டுக்கணும்.” விளையாட்டாகச் சொன்ன சொல் விளையாட்டாகப் போய்ச் சேரவில்லை. அறை சட்டென்று அமைதியானது.

ஒரு சுவையைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை உண்டு? இந்தக் கேள்விக்குப் பலகையில் விடை எழுத முடியாது. ஆகவே சுவைத்துப் பார்த்தே முடிவு செய்வோம் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். கழக வரலாற்றில் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்காத தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும்.

சொல்லின் பூர்வீகம்

நாவுக்கு வேலை கொடுக்கும் முன் நூலகத்துக்குப் போனோம். பார்பிக்யூ என்பது ஆங்கிலேயர் பெற்றெடுத்த சொல் அன்று. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொல் ஸ்பானியர் வாயில் ‘பார்பக்கோவா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பானியர் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் இறைச்சியும் அன்று, நெருப்பும் அன்று. குச்சிகளை நட்டு, மேலே குறுக்குக் கம்புகள் வைத்துக் கட்டிய மேடைதான் அது. அதன் மீது படுத்தும் உறங்கலாம், கீழே தீ மூட்டி மீனையோ இறைச்சியையோ மெல்ல வாட்டவும் செய்யலாம். இதைப் படித்ததும் தங்கை, “அக்கா, இது நம்ம பரண்!” என்றாள். இரண்டு சொற்களுக்கும் உறவு ஏதுமில்லை. ஆனால் பொருளுக்கு உறவு இருக்கத்தான் செய்கிறது. தினைப்புனத்தில் காவல் இருக்கவும் வீட்டில் பொருள்களை எடுத்து வைக்கவும் நாம் கட்டிய அதே மேடையின் கீழே அவர்கள் தீ மூட்டினார்கள்.

நம்மிடம் சுட்ட உணவுக்குச் சொல் இல்லாமல் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில், கரிகாலன் அளித்த விருந்தை உண்ட பொருநன் அதை விவரிக்கிறான். இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியின் சூடு தாங்காமல், வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி மாற்றித் தின்றார்களாம். அந்தக் கம்பிக்கு அவன் சொல்லும் பெயர் காழ். காஜாங்கில் சத்தே தின்னும்போது நம் கையில் இருக்கும் குச்சிக்கும் அந்தப் பெயர் பொருந்தும். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இரும்பு போய் மூங்கில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பினாங்கு அண்ணனுக்கு இதில் பெருமகிழ்ச்சி. “பார்த்தியா, கரிகாலனே என் கட்சி” என்றார்.

ஆறு பொட்டலம், ஐந்து நடுவர்

நடுவர்கள் ஐவர். பினாங்கு அண்ணன், ஈப்போ தோழி, கிள்ளான் தங்கை, நான், என் அறைத் தோழியான ஒரு கிளந்தான் மலாய்ப் பெண். ஆயாம் பெர்சிக் பிறந்த மாநிலத்துக்காரியை விட்டுவிட்டு வாட்டிய சுவைக்குத் தீர்ப்பு எழுத எங்களுக்குத் துணிவில்லை. தீர்ப்பை மலாயில் சொல்லலாம் என்று அவளுக்கு மட்டும் சிறப்புச் சலுகை.

ஒவ்வொரு பண்டத்துக்கும் புகை மணம், சுவைகளின் சமநிலை, மொறுமொறுப்பு, விழுங்கிய பின் நாவில் நிற்பது என நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, மொத்தம் 20. சுவைப்பவரின் கண்களைத் துண்டால் கட்டிவிடுவோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் ஒரு வாய் தண்ணீர், அரைத் துண்டு கிரீம் கிராக்கர். முன்னதாக ஈப்போ தோழி எல்லாப் பொட்டலங்களின் முதுகையும் படித்துவிட்டு, ஆறில் மூன்றைத் தன் தட்டிலிருந்து விலக்கினாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலாவது, குழல் டப்பாவில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வகை. இது கிழங்கைச் சீவிச் செய்ததன்று. காய்ந்த உருளைக்கிழங்குத் துகளை வேறு மாவுகளோடு பிசைந்து, தேய்த்து, குதிரைச் சேணம் போல வளைத்துப் பொரித்தது. இவ்வகைப் பண்டம் சீவலா இல்லையா என்று வரி வழக்கே நடந்திருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிங்கிள்ஸ் வரி கட்ட வேண்டிய சீவல்தான் என்று தீர்ப்பளித்தது. அதில் உருளைக்கிழங்கு 42 விழுக்காடுதான் என்பது வாதத்தில் வெளிவந்த செய்தி. எங்கள் நீதிமன்றத்தில் இந்த வகைக்குப் புகை மணத்தில் 4. தட்டில் வைக்கும் முன்பே மூக்குக்கு எட்டிவிட்டது. மொத்தம் 14.

இரண்டாவது, உள்ளூர் உருளைக்கிழங்குச் சீவல். முதலில் இனிப்பு, அடுத்து உப்பு, அதன் பின் தக்காளிப் புளிப்பு, கடைசியில் வெங்காயம். புகை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. “வாட்டின கோழி இல்ல, வாட்டின கோழிக்குத் தொட்டுக்கிற குழம்பு” என்றார் பினாங்கு அண்ணன். சரியான மதிப்பீடு. மொத்தம் 12.

மூன்றாவது, இந்தோனேசியாவிலிருந்து வந்த அலை அலையான தடித்த சீவல். மேலே ‘சாப்பி பாங்காங்’, அதாவது வாட்டிய மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தது. எதையும் விட்டு வைக்காத பினாங்கு அண்ணனும் இதற்கு மட்டும் கையை இழுத்துக்கொண்டார். ஆகவே கிளந்தான் தோழி தனி நீதிபதியானாள். நிதானமாக நான்கைந்து தின்றாள். “வாசனை நல்லா இருக்கு, ஆனா மாடு பக்கத்து வீட்டுல வாட்டறாங்க” என்று மலாயில் தீர்ப்புரைத்தாள். ஒற்றை நீதிபதியின் தீர்ப்பு: 15.

நான்காவது, பினாங்கு அண்ணன் ஹாட்யாய் போய்வந்தபோது வாங்கிய தாய்லாந்துச் சீவல். வாட்டிய இறாலும் அதற்கான காரச் சாறும் சேர்ந்த சுவை. எலுமிச்சைப் புளிப்பும் பச்சை மிளகாய்க் காரமும் முன்னால் ஓடின. இறாலின் ஓடு தீயில் கருகும்போது எழும் ஒரு வாசம் பின்னாலேயே வந்தது. உணவுக் கடையில் ஈக்கான் பாக்காருக்குக் காத்திருக்கும்போது காற்று திரும்பி நம் பக்கம் வீசுமே, அப்படி. மொத்தம் 16.

ஐந்தாவது, இரவுச் சந்தையில் வாங்கிய மரவள்ளிச் சீவல். 2 வெள்ளி 50 காசு, பெரிய பொட்டலம். அதன் மேல் எந்த எழுத்தும் இல்லை. ஈப்போ தோழி விற்கும் அம்மாவிடம் போய்ப் பணிவாகக் கேட்டாள். அவர் சலித்துக்கொள்ளாமல் மேசைக்கு அடியிலிருந்து சுவைத்தூள் பொட்டலத்தையே எடுத்துக் காட்டினார். சர்க்கரை, உப்பு, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், மிளகாய், சோயாத்தூள், சுவையூட்டி. அவள் நன்றி சொல்லி இரண்டு பொட்டலம் வாங்கினாள். எண்ணெய் கொஞ்சம் அதிகம். ஆனால் மரவள்ளியின் மண்வாசனை தூளையும் மீறி எட்டிப் பார்த்தது. மொத்தம் 15.

ஆறாவது, கடைகளில் கிடைக்காதது. கிள்ளான் தங்கையின் அம்மா சுட்ட பார்பிக்யூ முறுக்கு! ரொட்டி, கேக் செய்வதற்கான சாமான் விற்கும் கடைகளில் பார்பிக்யூ சுவைத்தூள் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, சுட்ட முறுக்கு ஆறும் முன்பே மேலே தூவிக் குலுக்கிவிட்டார். அரிசிமாவு, உளுந்து, ஓமம், அவற்றின் மேல் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் சாயல். ஓமமும் தூளும் முதலில் முறைத்துக்கொண்டன, மூன்றாவது கடியில் சமாதானமாகிவிட்டன. மொறுமொறுப்பில் முழுமதிப்பெண். மொத்தம் 17, முதலிடம். அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னபோது, “தீபாவளிக்கு இதையே சுட்டுடவா?” என்று கேட்டார். அப்பா குறுக்கிட்டு, “வேணாம்” என்றது எங்களுக்கும் கேட்டது.

அந்நியச் சுவையை நம் வீட்டுப் பண்டத்தில் சேர்ப்பது நம் நாட்டில் புதிதன்று. ட்விஸ்டிஸ் சோளச் சுருளில் ‘பார்பிக்யூ கறி’ என்றே ஒரு சுவை இங்கே விற்கப்படுவதைப் பலரும் அறிவோம். பார்பிக்யூ இந்த மண்ணில் கால் வைத்ததும், கறித்தூள் டப்பாவைத் திறந்து வைத்துத்தான் அதை வரவேற்றிருக்கிறோம்.

பொட்டலத்தின் முதுகு

இனி, விலக்கிய மூன்றைப் பற்றி. ஈப்போ தோழி ஒரு பொட்டலத்தை எடுத்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, நேராக முதுகைத்தான் பார்ப்பாள். நாங்கள் ஐந்து நொடியில் வாங்குவதை அவள் ஐந்து நிமிடம் படிப்பாள். இத்தனை நாள் அதைக் கேலி செய்தவர்கள், அன்று அவளைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டோம்.

சேர்மானங்கள் எடையில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கிழங்கு, எண்ணெய், பிறகு சுவைத்தூள். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி, மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ இருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். கோழிக்கு அப்படித் தனி அறிவிப்பு இல்லை. சேர்மானப் பட்டியலுக்குள் அது ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கும், நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் சீவலில் கோழித்தூள் இருந்தது. பார்பிக்யூ என்ற பெயரில் கோழியின் நிழல்கூடத் தெரியவில்லை. மாட்டையும் இறாலையும் பெயரே காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்து எண்கள். 621 என்றால் மோனோசோடியம் குளுட்டமேட். 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அதிலிருந்து பிறந்த உப்புதான் இது. 627, 631 ஆகியவை அதன் கூட்டாளிகள். இவை 621உடன் சேரும்போது, தனித்தனியே தருவதைவிடப் பன்மடங்கு சுவை கூடுகிறது. சீவலில் இறைச்சி இல்லாமலே இறைச்சி உண்டது போன்ற நிறைவைத் தருவது இந்தக் கூட்டணிதான். 631ஐ மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இந்தியாவில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இடுவது கட்டாயம். இங்கே அத்தகைய கட்டாயக் குறி இல்லை. “அதனாலதான் நான் படிக்கிறேன். நீங்க எல்லாம் சாப்பிடறதுக்கு வாயைத் திறந்தா போதும். நான் முதல்ல கண்ணைத் திறக்கணும்” என்றாள். பினாங்கு அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கம் முறுக்குத் தட்டை நகர்த்தினார்.

மதிப்பெண் தாள்களைக் கூட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அவள் உண்ட மூன்று பண்டங்களிலும் புகை எவ்வளவு, எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று துல்லியமாக எழுதியிருந்தாள். நாங்கள் எழுதியிருந்தது, “கோழி மாதிரி”, “சத்தே மாதிரி”, “ஆட்டுக்கறி மாதிரி”. நாங்கள் இறைச்சியைத் தேடினோம், கிடைக்கவில்லை. அவளுக்கு இறைச்சி நினைவு கிடையாது. அதனால் இருந்ததை இருந்தபடி சுவைத்திருந்தாள்.

தணல்

இரவு பதினொரு மணி இருக்கும். விடுதியைச் சுற்றிவந்த காவலர் ஐயா, விளக்கு எரிவதைப் பார்த்துக் கதவருகே வந்தார். எழுபதை நெருங்கும் வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. “என்ன தம்பிங்களா, தங்கச்சிங்களா, இந்நேரத்துக்குத் தீனி?” என்றார். உட்காரச் சொல்லி, குழல் டப்பாவை நீட்டினோம். ஒன்றை எடுத்து வாயில் போடுமுன் மூக்கருகே கொண்டு போனார். அப்படியே நிறுத்திவிட்டார்.

“இது கறி வாசனை இல்லம்மா. ரப்பர் தகடு தொங்கவிட்ட கொட்டாய் வாசனை.”

நாங்கள் கேட்கக் கேட்கச் சொன்னார். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, உருளையில் விட்டுத் தகடாக்கி, மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகையில் உலர்த்துவார்களாம். விறகும் ரப்பர் மரமேதான். அவருடைய அப்பாவுக்கு அந்தக் கொட்டகையில் இரவு வேலை. தீ கொழுந்துவிட்டு எரியக் கூடாது, எரிந்தால் தகடும் கொட்டகையும் சேர்ந்து போய்விடும். அணையவும் கூடாது. “தணலா இருக்கணும். எங்கப்பா ராத்திரி பூரா தணலைக் காத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. நான் சோறு கொண்டு போவேன். சாம்பலுக்குள்ள மரவள்ளிக்கிழங்கைப் புதைச்சு வச்சிருப்பாரு. தோலை உரிச்சா உள்ள வெள்ளையா, புகை வாசனையோட. அதுக்கு உப்புகூட வேணாம்.” சட்டை, தலைமுடி, போர்வை எல்லாவற்றிலும் அந்த வாசம் இருக்குமாம். அப்பா இறந்து பல வருடம் கழித்தும், அவருடைய பழைய பெட்டியைத் திறந்தால் அடிக்குமாம். “இப்ப அந்தப் பெட்டியும் இல்ல, தோட்டமும் இல்ல. வீடு கட்டிட்டாங்க.”

பிறகு சீவலை வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு கைவிளக்கோடு கிளம்பிவிட்டார்.

அவர் போன பின், அது வெறும் நினைவின் மயக்கமா என்று தேடிப் பார்த்தோம். இல்லை. அவர் மூக்கு சொன்னது வேதியியல் உண்மை. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது குவையகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் பிறக்கின்றன. புகைக்கு மணம் தருபவை பெரும்பாலும் இவைதாம். இறைச்சி கீழே இருந்தாலும், கிழங்கு இருந்தாலும், ரப்பர்த் தகடு இருந்தாலும் புகை ஒன்றுதான். தகட்டில் பூஞ்சை பிடிக்காமல் காத்ததும் அந்தப் புகைதான்.

சீவலுக்குள் இது எப்படி வருகிறது? மரத்தூளைக் குறைந்த காற்றில் கருக வைத்து, எழும் புகையைக் குளிர்வித்து நீரில் பிடிக்கிறார்கள். தாரைப் பிரித்து நீக்கிய பின் எஞ்சும் புகைநீரை மாவுப்பொருளில் ஏற்றித் தூளாக்குகிறார்கள். பொரித்த சீவல் சுழலும் உருளைக்குள் விழும்போது சுவைத்தூளோடு அதுவும் மேலே படிகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் நகர மருந்துக் கடைக்காரர் எர்னஸ்ட் ரைட் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே புகைநீரைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிவிட்டார். ஆக, பொட்டலத்துக்குள் இருப்பது முழுப் பொய்யும் அன்று. எங்கோ ஒரு மரம் உண்மையாகவே புகைந்திருக்கிறது. ஆயினும் அளவு தேவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எட்டுப் புகைச்சுவையூட்டிகளை ஆராய்ந்து, அவை மரபணுவுக்குக் கேடு செய்யக்கூடும் என்ற ஐயத்தை நீக்க முடியவில்லை என்றது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் அனுமதியைப் புதுப்பிக்காமல், படிப்படியாகக் கைவிடக் காலக்கெடு விதித்தது. ஆசைக்கு ஒரு கை சீவல் போதும் என்று அம்மாக்கள் சொல்வதை ஐரோப்பாவும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டது.

கொட்டகைகளின் காலமும் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தபின், தகட்டுக்குப் பதில் கட்டி ரப்பர் பெருகியது. செம்பனை வந்தது, ரப்பர் மரங்கள் விழுந்தன, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம் தாத்தாக்களின் சட்டையில் இருந்த வாசம், இன்று ஒரு டப்பாவில் அடைத்த அந்நியப் பெயரோடு நம்மிடம் திரும்பி வருகிறது. பெயர் தெரியாததால் அதை நம்முடையது என்று நாம் அடையாளம் காண்பதில்லை.

பலகையில் எழுதியது

மறுநாள் கூட்டத்தில் விவாதம் நீளவில்லை. வாட்டிறைச்சி என்ற சொல்லைப் பினாங்கு அண்ணனே திரும்பப் பெற்றார். “கரிகாலன் தின்ன கறிக்கும், அந்த ஐயா தின்ன கிழங்குக்கும் கீழே இருந்தது ஒண்ணுதான்” என்றார். ஈப்போ தோழி தூரிகையை வாங்கி, மூன்றாம் வரியில் தன் அழகான கையெழுத்தில் எழுதினாள்: தணற்சுவைச் சீவல்.

தணல், சுவை என்ற இரண்டும் பழைய சொற்கள். சேர்த்தது மட்டும் புதிது. இறைச்சி உண்பவரும் உண்ணாதவரும் ஒரே பலகைக்குக் கீழே நின்று விற்கக்கூடிய பெயர். விழாவன்று, “இது என்ன சுவை?” என்று கேட்டவர்கள் பலர். விளக்கம் சொல்லிச் சொல்லித் தங்கைக்குத் தொண்டை கட்டிவிட்டது. தமிழில் எழுதினால் விற்காது என்று பயந்தவர்களுக்காக ஒரு செய்தி: முதலில் தீர்ந்தது உப்புச் சீவலும் அன்று, காரச் சீவலும் அன்று.

அன்பு வாசகர்களே, கலைச்சொல்லை அகராதியில் மட்டும் தேட வேண்டும் என்பதில்லை. பண்டத்தை முகர்ந்து பார்த்தும் தேடலாம், அதைவிட நம் வீட்டுப் பெரியவர்களின் மூக்கருகே கொண்டு போயும் தேடலாம். தாத்தாவுக்கு அது கொட்டகைப் புகையாக இருக்கலாம். பாட்டிக்கு விறகடுப்பாக இருக்கலாம், முன்பனிக் காலை போகிப் புகையாகவும் இருக்கலாம். அடுத்தமுறை ஒரு பொட்டலம் பிரிக்கும்போது முதலில் முதுகைப் படியுங்கள். பிறகு முதல் சீவலை வீட்டில் மூத்தவரிடம் கொடுத்து, “இது என்ன வாசனை?” என்று கேளுங்கள். பதிலைத் தவறாமல் எழுதி வையுங்கள். டப்பா அடுத்த வாரமும் கடையில் கிடைக்கும்.